பங்குனி மாதத்துத் தாடை

என் மனைவியின் அண்ணனுக்குக் கீழ்த்தாடையில் கட்டி, அது கெட்ட கட்டிதான் என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் மனசின் ஒரு மூலையில் கொஞ்சம் தைரியமும் இருந்தது. தாடையை அறுத்து எடுத்தால் வேறு தாடை வைக்கலாம், அந்தத் தாடையைச் செய்கிற இடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன் என்ற தைரியம்.

எங்கள் கம்பெனி திருப்போரூருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கிறது. டைட்டானியத்தில் எலும்பு செய்கிறோம் என்று சொன்னபோது ஊரில் முதலில் சிரித்தார்கள். அச்சில் ஊற்றுவதும் இல்லை, கடைவதும் இல்லை. சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு பவுடர். மெஷின் அதைத் தலைமுடி கனத்துக்கும் குறைவாக ஒரு படலம் பரப்பும். மேலிருந்து லேசர் வந்து எலும்பு வேண்டிய இடத்தை மட்டும் உருக்கிவிட்டுப் போகும். பிறகு இன்னொரு படலம். இப்படியே இராப்பகலாக ஓடும். முடிந்ததும் கதவைத் திறந்தால் வெறும் பவுடர்தான் தெரியும். பிரஷ்ஷால் தள்ளத் தள்ள உள்ளேயிருந்து தாடையோ மண்டைத் தகடோ மெல்லத் தலைகாட்டும். பூமிக்குள்ளிருந்து சாமி சிலை எடுக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. எத்தனை தடவை பார்த்தாலும் அப்படித்தான்.

நான் பத்தாவது வரை படித்தவன். மெஷின் ஓட்டுவது படித்த பிள்ளைகள். என் வேலை அதற்குப் பிறகு வருவது. சாமானைச் சூளையில் வைத்து எடுத்து, தட்டிலிருந்து கம்பியால் அறுத்து என் மேசைக்குக் கொடுப்பார்கள். அடியில் முட்டுக்கொடுத்த குச்சிகள் காளான் தண்டு போல நிறைய இருக்கும். அவற்றைக் குறடால் பிடுங்கி, அரம் போட்டு, மணல் அடித்து, ஈறு படும் இடத்தை வழவழவென்று தேய்க்க வேண்டும். எலும்பு வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தில் கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக விட்டிருப்பார்கள். அங்கே கை வைக்கவே கூடாது. சொந்த எலும்பு அதற்குள் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளுமாம்.

பவுடர் சட்டென்று தீப்பிடிக்கிற சாமான். ஆயுத பூஜைக்குக்கூட உள்ளே கற்பூரம் கிடையாது. கேட்டுக்கு வெளியே ஏற்றிவிட்டு, தட்டை மெஷின் இருக்கும் திசைக்குக் காட்டுவோம். நெற்றியில் திருநீறோடு பவுடர் ரூமுக்குள் போகக் கூடாது, உதிர்ந்து விழுந்தால் மொத்தமும் கெட்டுவிடும். முதல் வருஷம் மனசு கேட்காமல் சட்டைக்குள் நெஞ்சில் மட்டும் பூசிக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் கண்டுபிடித்து, “சாமி உனுக்கு உள்ளயே கீறாருய்யா, வெளிய எதுக்கு?” என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

மச்சான் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். “படூர், சிறுசேரி, படூர், சிறுசேரி” என்று அவர் கூப்பிடுவது கூட்டுரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கேட்கும். குரல் அப்படி. வாயில் எப்போதும் மாவா, பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கசக்கியது. இடது கன்னத்துக்குள் ஒரு உருண்டையை ஒதுக்கிக்கொண்டே கூப்பிடுவார், பேசுவார், சிரிப்பார். அந்த இடத்தில்தான் புண் வந்தது. புண் ஆறவில்லை, பல் ஆடியது, பிறகு தாடை எலும்பே கெட்டுவிட்டது.

செங்கல்பட்டில் நாங்கள் காட்டிய டாக்டர் ஏற்கெனவே எங்கள் கம்பெனியில் சாமான் வாங்குகிறவர். கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் அவர் அளவுக்கு அச்சடித்த தாடையை வைத்துவிடலாம், சோறு மென்று சாப்பிடலாம், ஆட்டோ ஓட்டலாம் என்றார். பங்குனி மாதம் ஸ்கேன் எடுத்தார்கள்.

எங்கள் கம்பெனியில் டிசைன் பார்ப்பது ஒரு பெண். என்னை அண்ணா என்று கூப்பிடும். ஸ்கேன் வந்ததும், “உங்க வீட்டு ஆளுன்னு சொன்னீங்களே, வாங்கண்ணா, வந்து பாருங்க” என்றது. கம்ப்யூட்டரில் என் மச்சானின் மண்டை ஓடு சுற்றியது. மீசையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்ததும் அவர்தான் என்று தெரிந்துவிட்டது. என்னையறியாமல் கை கூப்பினேன். அந்தப் பெண் கெட்ட பாகத்துக்குச் சிவப்பு கொடுத்து, அதற்கு அப்பால் கொஞ்சம் நல்ல எலும்பும் சேர்த்துக் கோடு போட்டு வெட்டி, வலது பக்கத் தாடையைக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரித் திருப்பி இடது பக்கத்தில் பொருத்தியது. டாக்டர் எங்கே அறுக்க வேண்டும் என்று காட்டுகிற ஒரு சின்ன அச்சும் அதோடு சேர்த்துச் செய்தார்கள். எலும்பின் மேல் கவ்விக்கொள்ளும், நடுவில் கத்தி போகிற வழி.

தாடை என் மேசைக்கு வந்தது. வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே தேய்த்தேன். ஒவ்வொரு குச்சியையும் பிடுங்கும்போது கந்தா, கந்தா என்றுதான் பிடுங்கினேன். போட்டோ எடுத்துக்கொண்டு போய் மச்சானிடம் காட்டினேன்.

“இன்னா மாப்ள, இவ்ளோ அழகா கீது? எனுக்கா இது?”

“உனுக்குத்தான் மச்சான். உன் அளவு.”

“உன் தங்கச்சிகிட்ட காட்டாத. இத மட்டும் வெச்சிகினு என்ன வெளிய தள்ளிடுவா.”

என் தங்கச்சி என்று அவர் சொன்னது தன் மனைவியை. முறைப்படி எனக்குத் தங்கை. அந்தம்மா அடுப்படியிலிருந்தே, “தாடைய கழட்டி வெச்சாலும் இந்த மன்சன் பேச்சு மட்டும் ஆட்டோ ஸ்டாண்டு வரிக்கும் ஓடும்ணா” என்றது. மச்சான் வலியோடு சிரித்தார். “மாட்னதும் ஃபர்ஸ்ட்டு கருவாட்டுக் கொழம்பு. சோத்த நல்லா மென்னு, மென்னு துன்னணும். கஞ்சி குட்ச்சி குட்ச்சி நாக்கு செத்துப்போச்சு மாப்ள.” அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டிருந்தது. கட்டி என்று தெரிந்த வாரமே அவர் எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். தாடை நல்லபடியாக ஆகவேண்டும், இந்த வருஷம் தீமிதிக்கிறேன் என்று. சித்திரையில் கொடி ஏறியதும் மஞ்சள் துணி கட்டி, கையில் காப்பும் கட்டிக்கொண்டார். எங்கள் ஊரில் காப்புக் கட்டியவன் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் இருக்கவேண்டும். வேறு இடத்தில் இராத்தங்கக் கூடாது. தீமிதித்துவிட்டுத்தான் காப்பை அவிழ்க்க வேண்டும்.

தாடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட தேதி திருவிழாவுக்கு நடுவில். அட்மிட் ஆனால் அங்கேதான் தங்க வேண்டும். தியேட்டருக்குள் கையில் கயிறு இருக்கக் கூடாது, கத்தரித்துவிடுவோம் என்று நர்ஸ் போனிலேயே சொல்லிவிட்டார்.

நான் டிசைன் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அதன் முகம் மாறிவிட்டது.

“அண்ணா, தள்ளிப் போடாதீங்கண்ணா. நாம செஞ்சது அந்த ஸ்கேன் எடுத்த அன்னைக்கு இருந்த தாடை. உள்ள இருக்கற கட்டி அப்படியே நின்னுட்டு இருக்காது. அது வளர்ந்துச்சுன்னா நம்ம வெட்டுற கோடு மாறிடும். கோடு மாறுனா பீஸ் சேராது.”

இதை அப்படியே மச்சான் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் மனைவி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, “போண்ணா, அம்மனே சொல்லுவா போன்னு” என்று அழுதாள். பூசாரியையும் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் நல்ல மனுஷர். “உயிருக்காவ போறவன அம்மா கோச்சிக்க மாட்டா. நான் பூச போட்டு காப்ப அவுத்து உடறேன். அட்த்த வருசம் மிதி” என்றார்.

மச்சான் கையிலிருந்த காப்பைத் திருப்பிவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“அவ கோச்சிக்க மாட்டா பூசாரி, எனுக்குத் தெரியும். ஆனா ஒடம்பு நல்லாவணும்னு அவகிட்ட கேட்டுட்டு, டாக்டரு கூப்ட்டதும் அவள பாதில உட்டுட்டு ஓடினா நான் இன்னா ஆளு? மிதிச்சிட்டு அடுத்த நாளே போறேன். தாடை இன்னா, ஊசிப்போவவா போவுது? டைட்டானியம்தான? அப்டியே இருக்கும்.”

தாடை அப்படியேதான் இருக்கும். அதில் அவர் சொன்னது சரி. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். வேண்டுதலைப் பாதியில் விடு என்று ஒருவனிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவேண்டியதைச் சொன்னோம். அவர் கேட்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல இன்றைக்கும் எனக்கு மனசு வரவில்லை. அம்மனையும் குற்றம் சொல்ல வரவில்லை.

தீமிதி அன்று பொழுது சாயும் நேரம். துரியோதனன் சாகிற படுகளக் கூத்து முடிந்து, குண்டத்தில் நெருப்பைக் கிளறித் தட்டிச் சமமாக்கியிருந்தார்கள். மச்சான் குளித்து ஈரத் துணியோடு வரிசையில் நின்றார். வீங்கின கன்னத்தின் மேலும் மஞ்சள் பூசியிருந்தார்கள், அதனால் வீக்கம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பங்குனியில் இருந்ததைவிடப் பெரிதுதானோ என்று எனக்குத் தோன்றியது. மஞ்சளால் அப்படித் தெரிகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் முறை வந்தது. ஓடவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கிக் கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்து போனார். குண்டத்தைத் தாண்டியதும் இருக்கும் பால் குழியில் காலை வைத்து நின்று என்னைத் தேடி, கண்டதும் ஒரு காலைத் தூக்கி அடிப்பாதத்தைக் காட்டினார். ஒரு கொப்புளம் இல்லை.

“பாத்தியா மாப்ள? நெருப்பே உட்டுட்ச்சி. கத்தி இன்னா செஞ்சிடும்?”

மறுநாள் போனோம். உடனே நடக்கவில்லை. சர்க்கரை ஏறியிருந்தது, அது இறங்க வேண்டும் என்றார்கள். பிறகு தியேட்டர் கிடைக்கவில்லை. ஒரு கடைசி ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டர் யோசித்தார். எடுத்தால் மறுபடி டிசைன், மறுபடி அச்சு, இன்னும் தள்ளும். இதற்கு மேல் காத்திருக்க முடியாது, திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். கத்திரி வெயிலில் ஆபரேஷன் நடந்தது.

தியேட்டருக்கு வெளியே நானும் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் டிசைன் பெண்ணும் வந்திருந்தது. அறுக்கும் வழியைக் காட்டுகிற அந்தச் சின்ன அச்சைச் சரியாகப் பொருத்த டாக்டர் சில நேரம் டிசைன் செய்தவர்களை உள்ளே கூப்பிடுவார். அன்றைக்கும் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. எங்களைப் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றது. நான் எழுந்து போனேன்.

“இன்னாம்மா?”

“அச்சு நல்லா உக்காந்துச்சுண்ணா. ஆனா அந்தக் கோட்டுல அறுத்தா பாதி கட்டி உள்ளயே நின்னுடும். பின்னால காது கிட்ட வரைக்கும் போயிருக்கு. டாக்டர் இன்னும் பின்னால போய் அறுத்துட்டாரு. நம்ம பீஸு எட்டல.”

“எவ்ளோ எட்டல?”

அது தன் கட்டைவிரலைக் காட்டியது. அந்த அகலம்.

நான் தேய்த்த தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல் இல்லை. பங்குனி மாதம் என் மச்சானுக்கு அது அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும். வைகாசியில் அது அவருடையது இல்லை. வேறு யாருடையதும் இல்லை. அந்த அளவில் உலகத்தில் வேறு வாய் கிடையாது.

கடையில் கிடைக்கிற சாதாரணத் தகடு ஒன்றை டாக்டர் கையால் வளைத்து, இருக்கிற எலும்பில் முடுக்கித் தைத்துவிட்டார். அவரைச் சொல்லவும் ஒன்றும் இல்லை. அவர் முன்னால் இருந்தது அதுதான்.

மச்சான் முகம் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. வாய் கோணி எச்சில் நிற்காமல் வழிந்தது. தோளில் எப்போதும் ஒரு துண்டு. மேல்பல்லுக்குக் கீழ்ப்பல் சேரவில்லை, மெல்ல முடியவில்லை. கஞ்சி, பிறகு அதையும் வடிகட்டி. மிச்சக் கட்டியைக் கருக்கக் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், வைத்தார்கள், தொண்டையெல்லாம் வெந்துபோனது. ஒரு நாள் பிடிவாதமாக ஆட்டோவை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் ஸ்டாண்டுக்குப் போனார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வாயைத் திறந்து கூப்பிட்டார். “வதூர், இயுதேயி” என்று வந்தது. ஐ.டி. கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த ஆட்டோவுக்குப் போனார்கள். ஸ்டாண்டில் இருந்த பழைய நண்பர் ஓடி வந்து, “அண்ணாத்த, நீ குந்து, நான் கூப்புட்றேன் உனுக்கு” என்று அவர் ஆட்டோவுக்காகத் தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஆள் ஏறியது. மச்சான் ஒரு டிரிப் அடித்தார். வண்டியை வீட்டில் நிறுத்திச் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை.

அந்தத் தாடை கம்பெனிக்குத் திரும்பி வந்தது. ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்கு வைக்க முடியாது. உருக்கவும் இல்லை. நல்ல பினிஷிங் என்பதால், பார்க்க வருகிறவர்களுக்காக வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். படூர் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் வந்தால் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். இது யார் தாடை என்று முதலாளிக்கு ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவார், நல்லவர்தான். எடுத்து எங்கே வைப்பது?

மார்கழியில் தகடு இருந்த இடத்தில் தோல் பளபளப்பாக மெலிந்து, ஒரு நாள் பிளந்துவிட்டது. உள்ளேயிருந்து உலோகம் தெரிந்தது. கழுத்திலும் முடிச்சு முடிச்சாக வந்திருந்தது. அன்றைக்கு நான் போனபோது மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திக் காற்றில் ஒரு வளைவு போட்டார். தாடை மாதிரி. பிறகு என்னவோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. இப்போது அவர் பேச்சு தங்கச்சிக்கு மட்டும்தான் விளங்கும்.

“இப்போ இருக்கற அளவுக்கு இன்னொன்னு அடிச்சித் தர முடியாதானு கேக்கறாருண்ணா. இந்த வாட்டி சொன்ன அன்னிக்கே வந்து படுத்துக்கறாராம்.”

கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் எடுத்திருந்த புது ஸ்கேன் சி.டி.யை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். டிசைன் பெண் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுப் பார்த்தது. மண்டை ஓடு மறுபடி சுற்றியது. முன்பல் ஒன்றின் மேல் ஒன்று. அதற்குப் பின்னால் எலும்பு கரையான் அரித்த மரம் போல இருந்தது. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை எனக்காகத்தான் அத்தனை நேரம் பார்த்தது என்று பிறகு தோன்றியது.

“எந்த ஷேப்ல வேணும்னாலும் அடிக்கலாம்ணா. ஆனா ஸ்க்ரூ பிடிக்க நல்ல எலும்பு வேணும். கரண்ட் வச்சதுல இந்தப் பக்கமும் செத்துப்போச்சு. மேல மூட சதையும் இல்ல. எதுல போய் மாட்டுறது?” அதன் கண் கலங்கியது. “டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். இனிமே தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லிட்டாரு.”

வேலை முடிந்து திருப்போரூர் கோயிலுக்குப் போனேன். இத்தனை வருஷம் அந்தச் சன்னதியில் எனக்குக் கேட்க ஏதாவது இருந்தது. அன்றைக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. சீக்கிரம் கூப்பிட்டுக்கொள் என்று கேட்கவும் வரவில்லை. விழுந்து கும்பிட்டு, திருநீறு வாங்கி மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மச்சான் வீட்டில் தலையணையில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி இருந்தார். நெற்றியில் திருநீறு பூசினேன். பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

“கேட்டேன் மச்சான். மெஷினு ரெடியாதான் கீது. அடிக்கலாமாம். ஆனா புட்ச்சிக்க எலும்பு வேணுமாம்.”

அவர் தலையை ஆட்டினார், சவாரி இல்லை என்று சொன்ன ஆளுக்கு ஆட்டுகிற மாதிரி. பிறகு மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னார். தங்கச்சி அதை எனக்குச் சொல்லவில்லை.

“இன்னாம்மா சொன்னாரு?”

“ஒன்னுமில்லண்ணா. பசிக்கிதாம்.”

அதைத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அந்தம்மா வடிகட்டின கஞ்சியைக் கொண்டுவந்தது. நீ பிடிண்ணா, நான் ஊத்தறேன் என்று ட்யூபின் ஊசிக்குழலை என்னிடம் கொடுத்தது. உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஊற்றிய கஞ்சி மெல்ல மெல்ல இறங்கியது. அவர் வாயை மூடிக்கொண்டு, முழுவதும் இறங்கும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.